அட்ஜெக்டிவா, வேறா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மற்றவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் பல வருடங்களாக என் வேலை. கட்டுரை, விண்ணப்பம், அலுவலகக் கடிதம், தேர்வுத்தாள் என எது வந்தாலும் சிவப்பு மை அதிகம் விழுவது அட்ஜெக்டிவ், அதாவது ஆளின் அல்லது பொருளின் தன்மையைச் சொல்லும் பெயரடை, வரும் இடத்தில்தான். எழுதியவருக்குச் சொல் தெரிந்திருக்கும். அதை எந்த வேலைக்கு வைத்தோம் என்பதில் தடுமாறியிருப்பார். அதனால் இதை இலக்கணப் பாடமாக எழுதவில்லை. உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

முன்னதாக ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரவுண்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்றால் அட்ஜெக்டிவ். ‘எ ரவுண்ட் ஆஃப் டாக்ஸ்’ என்றால் நவுன் (பெயர்ச்சொல்). ‘ரவுண்ட் தி நம்பர்’ என்றால் வெர்ப் (வினைச்சொல்). ‘ரவுண்ட் தி கார்னர்’ என்றால் ப்ரெபொசிஷன் (நவுனுக்கு முன் வரும் இடைச்சொல்). ‘டர்ன் ரவுண்ட்’ என்றால் அட்வெர்ப் (வினையடை). எழுத்து ஒன்றுதான், வேலை ஐந்து. சொல்லைத் தனியாக உற்றுப் பார்த்து வகை கண்டுபிடிக்க முயல்வதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம்.

## கையில் இருக்க வேண்டிய நான்கு சோதனைகள்

கேள்விச் சோதனை. ‘எப்படிப்பட்ட ஆள்? எப்படிப்பட்ட பொருள்?’ என்று கேட்டால் பதிலாக வருவது அட்ஜெக்டிவ். ‘எப்படிச் செய்தார்? எப்படி நடந்தது?’ என்று கேட்டால் பதிலாக வருவது அட்வெர்ப்.

இடச் சோதனை. நவுனுக்கு முன்னால் ஒரு தடவை, ‘ஸீம்ஸ்’ என்ற வெர்ப்புக்குப் பின்னால் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். ‘எ ஹெவி பாக்ஸ்’, ‘தி பாக்ஸ் ஸீம்ஸ் ஹெவி’. இரண்டு இடத்திலும் பொருந்தினால் அது அட்ஜெக்டிவ்.

‘வெரி’ சோதனை. முன்னால் ‘வெரி’ சேர்த்துப் பாருங்கள். நவுனையும் வெர்ப்பையும் இது வடிகட்டிவிடும். அட்வெர்ப்பை வடிகட்டாது, ஏனென்றால் ‘வெரி க்விக்லி’ என்பதும் சரிதான்.

ஒப்புமைச் சோதனை. ‘பிக்’ ‘பிக்கர்’ ஆகிறது, ‘யூஸ்ஃபுல்’ ‘மோர் யூஸ்ஃபுல்’ ஆகிறது. ‘ஸ்டோன்’ அப்படி எதுவும் ஆகாது.

ஒரு சோதனையில் தோற்றுவிட்டது என்பதற்காகத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ‘மெயின்’, ‘மெடிக்கல்’, ‘வுடன்’ எல்லாம் அட்ஜெக்டிவ்தான், ஆனால் ‘வெரி’யை ஏற்காது. குறைந்தது இரண்டு சோதனைகளாவது ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 1: ‘ஹீ ட்ரைவ்ஸ் கேர்ஃபுல்’ என்று எழுதியிருக்கிறது

எளிய காரணம்: ‘லி’ விட்டுப்போயிருக்கிறது. ‘கேர்ஃபுல்’ ஓட்டுநரைப் பற்றிச் சொல்கிறதா, ஓட்டும் விதத்தைப் பற்றியா? விதத்தைப் பற்றி என்றால் ‘கேர்ஃபுல்லி’. ஓட்டுநரைப் பற்றி என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்: ‘ஹீ இஸ் எ கேர்ஃபுல் ட்ரைவர்’.

இன்னொரு காரணம்: பேச்சில் கேட்டதை அப்படியே எழுதுவது. ‘கோ ஸ்லோ’ என்று சாலைப் பலகையில் இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே ‘ஸ்லோ’ பிழை இல்லை. ‘லி’ சேர்க்காமலே அட்வெர்ப்பாக நீண்ட காலமாக வழங்கும் சொற்களில் அதுவும் ஒன்று. ஆப்பிள் நிறுவனம் 1997-ல் ‘திங்க் டிஃபரென்ட்’ என்று விளம்பரம் செய்தபோது, ‘டிஃபரென்ட்லி’ என்றல்லவா வர வேண்டும் என்று விவாதமே நடந்தது. விளம்பரத்தில் செல்லுபடியாவது தேர்வுத்தாளில் செல்லாது. ஐயம் வந்தால் ‘லி’ சேர்த்தே எழுதுங்கள்.

## அறிகுறி 2: ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்லி’, ‘தி சூப் ஸ்மெல்ஸ் நைஸ்லி’

தமிழ் பேசுபவர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். கவனமாகப் படிப்பவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள்.

காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘அழகான பெண்’ என்றால் அட்ஜெக்டிவ், ‘அழகாகப் பாடினாள்’ என்றால் அட்வெர்ப். ‘ஆன’ வந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ வந்தால் ‘லி’ என்று ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறோம். நல்ல சூத்திரம், பத்தில் எட்டு இடத்தில் கைகொடுக்கும். ஆனால் தமிழில் ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்றும் சொல்கிறோம். ‘இரு’ என்ற வினையோடு சேரும்போது தமிழ் ‘ஆக’ கேட்கிறது. ஆங்கிலமோ அதே இடத்தில் அட்ஜெக்டிவ் கேட்கிறது: ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’. சந்தோஷமாக இருக்கிறேன், ‘ஐ ஆம் ஹாப்பி’. அமைதியாக இருந்தார், ‘ஹீ வாஸ் சைலன்ட்’. ‘ஆக’ இருக்கிறதே என்று ‘லி’ போட்டால் கோளாறு.

சோதனை இப்படி:

வெர்ப் ‘இஸ், ஆம், ஆர், வாஸ், வேர்’ என்பவற்றில் ஒன்றா? ஆம் என்றால், ஆளின் அல்லது பொருளின் தன்மையைச் சொல்ல அட்ஜெக்டிவ் போடுங்கள்.

வெர்ப் ‘லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஸீம், பிகம்’ போன்றதா? அந்த வெர்ப்பை எடுத்துவிட்டு அங்கே ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வைத்துப் பாருங்கள். ‘ஹீ லுக்ட் ஆங்ரி’ என்பதை ‘ஹீ வாஸ் ஆங்ரி’ ஆக்கலாம், பொருள் நிற்கிறது. ஆகவே அட்ஜெக்டிவ் சரி. ‘ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்பதில் ‘வாஸ்’ வைத்தால் வாக்கியம் உடைந்துவிடும். அங்கே ‘லுக்’ என்பது கண்ணால் பார்க்கும் செயல், அதனால் அட்வெர்ப் சரி. முதல் வாக்கியத்தில் அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. இரண்டாவதில் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

‘ஐ ஃபீல் பேட்லி’ என்று சிலர் சொல்வதைக் கேட்கலாம். எழுதும்போது ‘ஐ ஃபீல் பேட்’ என்பதே பாதுகாப்பு.

‘குட்’, ‘வெல்’ இரண்டும் இங்கேதான் சிக்கும். ‘ஷீ சிங்ஸ் குட்’ என்பதை ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்று மாற்ற வேண்டும். ஆனால் ‘ஐ ஆம் வெல்’ என்னும்போது ‘வெல்’ உடல்நலத்தைச் சொல்லும் அட்ஜெக்டிவ். அதைத் திருத்த வேண்டாம்.

## அறிகுறி 3: ‘லி’ இருக்கிறது, ஆனால் அட்வெர்ப் போலத் தெரியவில்லை

‘ஹீ ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று எழுதியதில் ஏதோ இடறுகிறது, ஆனால் ‘லி’தான் இருக்கிறதே என்று குழம்புகிறீர்கள்.

‘லி’யை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிஞ்சுவது நவுன் என்றால் அந்தச் சொல் அட்ஜெக்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி, கவர்ட்லி, லவ்லி, மதர்லி. மிஞ்சுவது அட்ஜெக்டிவ் என்றால் பெரும்பாலும் அட்வெர்ப்: க்விக்லி, ஸ்லோலி, சாஃப்ட்லி. மிஞ்சுவது எதுவுமே இல்லை என்றால், ‘அக்லி’, ‘சில்லி’ போன்றவை, அகராதியைத் திறங்கள்.

விதியை மீறுபவையும் உண்டு. ‘லோன்லி’, ‘டெட்லி’, ‘எல்டர்லி’ ஆகியவற்றில் மிஞ்சுவது அட்ஜெக்டிவ், ஆனாலும் முழுச் சொல் பெரும்பாலும் அட்ஜெக்டிவாகவே வரும். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘மன்த்லி’ இரண்டு வேலையும் செய்யும்.

‘ஃப்ரெண்ட்லி’யை அட்வெர்ப்பாக்க இன்னொரு ‘லி’ ஒட்ட வேண்டாம். ‘ஹீ ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றிப் போவதுதான் வழி.

### கிளை: ‘லி’ சேர்த்ததும் பொருளே மாறிவிட்டது

‘ஹார்ட்’, ‘லேட்’, ‘நியர்’, ‘ஹை’, ‘ஷார்ட்’ என்ற ஐந்தும் அட்ஜெக்டிவாகவும் வரும், ‘லி’ இல்லாமலே அட்வெர்ப்பாகவும் வரும். ‘லி’ சேர்த்தால் வேறு சொல்லாகிவிடும். ஒருவர் தன் ஊழியருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். கடுமையாக உழைத்தவர் என்று பாராட்ட நினைத்து ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ட்’ என்று எழுதியிருந்தார். அதன் பொருள் ‘அவர் வேலையே செய்யவில்லை எனலாம்’ என்பது. ஒரு ‘லி’ அந்த ஊழியரின் வேலையையே கெடுத்திருக்கும். ‘ஹீ வொர்க்ட் ஹார்ட்’ என்று திருத்திக் கொடுத்தேன்.

‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக. ‘நியர்லி’ என்றால் ஏறக்குறைய. ‘ஹைலி’ என்றால் மிகவும். ‘ஷார்ட்லி’ என்றால் சீக்கிரத்தில். ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லுக்கு ‘லி’ வடிவமே கிடையாது.

## அறிகுறி 4: ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’, ‘ஐ ஆம் போரிங்’

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தைக் காட்ட ஓர் இளைஞர் வந்தார். முதல் வரியே ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’. இலக்கணம் எதுவும் சொல்லாமல் கேட்டேன்: “தம்பி, ஆர்வம் யாருக்கு?”

“எனக்குத்தான் சார்.”

“அந்த ஆர்வத்தை உண்டாக்குறது எது?”

“இந்த வேலைதான்.”

“அப்ப ‘எட்’ உங்களுக்கு, ‘இங்’ வேலைக்கு.”

அவரே பேனாவை வாங்கி ‘இன்ட்ரஸ்டட்’ என்று திருத்திக்கொண்டார். கீழே இன்னொரு வரியில் இருந்த ‘எக்ஸைட்டிங்’கையும் அவரேதான் பிடித்தார்.

உணர்வு யாருக்கு வருகிறதோ அவருக்கு ‘எட்’, உணர்வை எது கிளப்புகிறதோ அதற்கு ‘இங்’. போர்ட், போரிங். டயர்ட், டயரிங். கன்ஃப்யூஸ்ட், கன்ஃப்யூஸிங். மனிதர் என்றால் எப்போதும் ‘எட்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஹீ இஸ் எ போரிங் ஸ்பீக்கர்’ சரியான வாக்கியம்தான், ஏனென்றால் சலிப்பைக் கிளப்புவது அவர்.

### கிளை: இது அட்ஜெக்டிவா, வெர்ப்பா?

‘தி டோர் வாஸ் க்ளோஸ்ட்.’ கதவு மூடியிருந்ததா, யாரோ மூடினார்களா? இரண்டும் ஆகலாம். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

முதலில், ‘பை’ சேர்த்து ஆளைச் சொல்ல முடிகிறதா? ‘தி டோர் வாஸ் க்ளோஸ்ட் பை தி கார்ட்’ என்றால் அது வெர்ப். அடுத்து, ‘வாஸ்’ இருந்த இடத்தில் ‘ஸீம்ட்’ பொருந்துகிறதா? பொருந்தினால் அட்ஜெக்டிவ். கடைசியாக, நேரத்தைப் பாருங்கள். ‘தி க்ளாஸ் வாஸ் ப்ரோக்கன் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு நடந்த நிகழ்ச்சி, வெர்ப். ‘ஆல்ரெடி ப்ரோக்கன் வென் ஐ கேம்’ என்றால் நிலை, அட்ஜெக்டிவ்.

மூன்றும் பார்த்தும் முடிவு வரவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் ட்ரீபேங்க் என்ற, ஆங்கில வாக்கியங்களைத் தொகுத்து இலக்கணக் குறிப்பு சேர்க்கும் திட்டத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் வகைக்குறி போடுபவர்களுக்காக 1990-ல் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். மொத்தம் 36 சொல்வகைக் குறிகள். அந்தத் தொழிலிலேயே இருந்தவர்களுக்கும் அட்ஜெக்டிவையும் இந்த ‘எட்’ வடிவ வெர்ப்பையும் பிரிக்கத் தனியாகச் சோதனைகள் எழுதித் தர வேண்டியிருந்தது. முன்பின் வாக்கியம் இல்லாமல் இதைத் தீர்க்க முடியாத இடங்கள் உண்மையிலேயே உண்டு.

### கிளை: ‘இங்’ சொல் நவுனுக்கு முன்னால் நிற்கிறது

‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’, ‘எ ஸ்லீப்பிங் பேக்’. குழந்தை தூங்குகிறதா? ஆம். பை தூங்குகிறதா? இல்லை, அது தூங்குவதற்கான பை. ‘தூங்குகிற’ என்று விரிந்தால் அட்ஜெக்டிவ் வேலை, ‘தூங்குவதற்கான’ என்று விரிந்தால் நவுன் வேலை. வாஷிங் மெஷின், டைனிங் டேபிள் எல்லாம் இரண்டாம் வகை.

## அறிகுறி 5: ‘ஐ ஆம் வெரி ஹங்கர்’, ‘ஹீ இஸ் சக்ஸஸ்’

நவுன் வந்து அட்ஜெக்டிவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ‘எனக்குப் பசி’ என்று பெயர்ச்சொல்லை வைத்தே வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பதால் இந்தப் பிழை நமக்குக் கண்ணில் படுவதே இல்லை.

வாலைப் பாருங்கள். ‘நெஸ், இட்டி, மென்ட், ஷன், அன்ஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் நவுன். ‘ஃபுல், லெஸ், அஸ், ஏபிள், இவ், இக், அல்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். டேஞ்சர், டேஞ்சரஸ். சக்ஸஸ், சக்ஸஸ்ஃபுல். இம்பார்ட்டன்ஸ், இம்பார்ட்டன்ட்.

‘பெரும்பாலும்’ என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். ‘அரைவல்’, ‘அப்ரூவல்’, ‘ரெஃப்யூசல்’ மூன்றும் ‘அல்’ என்று முடிந்தாலும் நவுன்கள். ‘மோட்டிவ்’, ‘மியூசிக்’, ‘ட்ராஃபிக்’ நவுன்கள். வால் சொல்வதை இடச் சோதனையால் உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

திருத்த இரண்டு வழி உண்டு. நவுனை அட்ஜெக்டிவாக மாற்றலாம்: ‘ஐ ஆம் வெரி ஹங்ரி’. அல்லது நவுனை அப்படியே வைத்துக்கொண்டு வெர்ப்பை மாற்றலாம்: ‘ஹீ இஸ் கான்ஃபிடன்ஸ்’ என்பதை ‘ஹீ ஹாஸ் கான்ஃபிடன்ஸ்’ என்று. இரண்டையும் கலந்து ‘ஹீ ஹாஸ் வெரி கான்ஃபிடன்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். நவுனுக்கு முன்னால் ‘மச்’ அல்லது ‘கிரேட்’ வேண்டும்.

## அறிகுறி 6: நவுனுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அட்ஜெக்டிவா என்று சந்தேகம்

‘எ ஸ்டோன் வால்.’ ‘ஸ்டோன்’ எப்படிப்பட்ட சுவர் என்று சொல்கிறது, கேள்விச் சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் ‘வெரி ஸ்டோன்’ இல்லை, ‘ஸ்டோனர்’ இல்லை, ‘தி வால் ஸீம்ஸ் ஸ்டோன்’ என்றும் யாரும் சொல்வதில்லை. இது அட்ஜெக்டிவின் வேலையை இரவல் வாங்கிச் செய்யும் நவுன். நம் ‘கல்சுவர்’, ‘மரப்பெட்டி’ போலத்தான்.

பெயர் எதுவானால் என்ன என்று தோன்றலாம். இங்கே தவறினால் எண்ணிக்கை கெடும். இந்த இரவல் நவுன் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். ‘ஷூஸ் ஷாப்’ தவறு, ‘ஷூ ஷாப்’ சரி. ‘எ ஃபைவ்-இயர்ஸ்-ஓல்ட் சைல்ட்’ தவறு, இணைப்புக் கோட்டோடு ‘ஃபைவ்-இயர்-ஓல்ட்’ சரி. ‘ஸ்போர்ட்ஸ் கார்’, ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’, ‘ஆர்ம்ஸ் ரேஸ்’ விதிவிலக்கு.

நவுனும் அட்ஜெக்டிவும் தனித்தனியே இருந்தால் பொருளைப் பாருங்கள். ‘கோல்ட் ரிங்’ தங்கத்தில் செய்தது. ‘கோல்டன் ஹேர்’ தங்க நிறத்தில் இருப்பது.

‘ஃபன்’ என்ற சொல் நவுனாக இருந்து அட்ஜெக்டிவாக மாறிக்கொண்டே வந்தது. ‘எ ஃபன் கேம்’ இன்று சாதாரணம். ‘வெரி ஃபன்’ என்றால் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முறையான கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

## அறிகுறி 7: ‘தி புவர்ஸ் இஸ்’

‘தி’ சேர்ந்ததும் அட்ஜெக்டிவ் ஒரு கூட்டத்தையே குறிக்கும்: தி புவர், தி ரிச், தி டெஃப். அது நவுனின் இடத்தில் நின்றாலும் ‘எஸ்’ ஏற்காது, வெர்ப் பன்மையில் வரும்: ‘தி புவர் ஆர்’. ஒரே ஆளைச் சொல்ல ‘எ புவர்’ போதாது, ‘எ புவர் மேன்’ வேண்டும்.

நாட்டு மக்களின் பெயரில் இரண்டு வழக்கும் கலந்திருக்கும். ‘தி ஃப்ரெஞ்ச்’ அட்ஜெக்டிவ் வழி, ‘எஸ்’ இல்லை. ‘தி இண்டியன்ஸ்’ நவுன் வழி, ‘எஸ்’ உண்டு. ‘தி அக்யூஸ்ட்’ என்பது ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும்.

## அறிகுறி 8: ‘மை திஸ் புக்’

‘என் இந்தப் புத்தகம்’ தமிழில் சரி. ஆங்கிலத்தில் ‘மை, திஸ், தட், எ, தி’ எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுபவை, ஒன்றுதான் உட்கார முடியும். ‘திஸ் புக் ஆஃப் மைன்’ என்று மாற்றுங்கள். இவற்றைப் பழைய பாடநூல்கள் அட்ஜெக்டிவ் என்றும் புதியவை டிட்டர்மினர் (எந்த நவுன், யாருடையது என்று சுட்டும் சொல்) என்றும் சொல்கின்றன. தேர்வு எழுதுபவர் தன் பாடநூல் சொல்வதையே எழுதட்டும்.

## அறிகுறி 9: அட்ஜெக்டிவ்தான், ஆனாலும் வாக்கியம் இடறுகிறது

வகை சரி, இடம்தான் தவறு.

‘அன் அஸ்லீப் சைல்ட்’ என்று சொல்ல முடியாது. அஸ்லீப், அஃப்ரெய்ட், அலைவ், அவேக், அலோன் இவை பொதுவாக நவுனுக்கு முன்னால் வராது. ‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’, ‘எ ஃப்ரைட்டண்ட் பாய்’ என்று மாற்றுச் சொல் தேட வேண்டும். ‘மெயின்’, ‘ஃபார்மர்’ (முன்னாள் என்ற பொருளில்), ‘மியர்’ (வெறும்) இதற்கு நேர் எதிர். ‘தி ரீசன் இஸ் மெயின்’ நிற்காது, ‘தி மெயின் ரீசன்’ நிற்கும்.

‘சம்திங்’, ‘நத்திங்’, ‘எனிஒன்’ போன்றவற்றுக்கு அட்ஜெக்டிவ் பின்னால் வரும்: ‘சம்திங் இம்பார்ட்டன்ட்’.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ‘அட்டர்னி ஜெனரல்’, ‘மேஜர் ஜெனரல்’ இரண்டுக்கும் பன்மை எழுதுங்கள். முதலாவதில் ‘ஜெனரல்’ அட்ஜெக்டிவ், நவுன் ‘அட்டர்னி’. அதனால் முறைப்படி ‘அட்டர்னிஸ் ஜெனரல்’. இரண்டாவதில் ‘ஜெனரல்’தான் நவுன். அதனால் ‘மேஜர் ஜெனரல்ஸ்’. அடுத்தடுத்து எழுதினாலும் ‘எஸ்’ வேறு வேறு இடத்தில் விழுகிறது, வகை தெரியாமல் அதைப் போட முடியாது.

## எப்போது அடுத்தவரிடம் போக வேண்டும்

இரண்டு சோதனைகள் இரண்டு பதில் சொன்னால் முதலில் அகராதி. சாதாரண அகராதியை விட ஆங்கிலம் கற்போருக்கான அகராதி நல்லது. அதில் அட்ஜெக்டிவ் என்ற குறிப்போடு, ‘நவுனுக்கு முன் வராது’, ‘நவுனுக்கு முன் மட்டும்’ என்ற குறிப்புகளும் இருக்கும். அறிகுறி 9-ல் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு சொல்லுக்கு மூன்று வகை போட்டிருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, உங்கள் வாக்கியத்தோடு ஒத்துப்போகும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழை தேடும் மென்பொருள் அறிகுறி 1-ஐ நன்றாகப் பிடிக்கும். ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ட்’ போன்றதை அது விட்டுவிடலாம், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை.

ஒப்பந்தம், சட்டக் கடிதம், ஆய்வேடு, அச்சுக்குப் போகும் புத்தகம் என்றால் ஆசிரியரிடமோ பிழை திருத்துநரிடமோ கொடுத்துவிடுங்கள். அங்கே ‘க்ளோஸ்ட்’ நிலையா, நிகழ்ச்சியா என்பது பணத்தையும் பொறுப்பையும் தொடும். கொடுக்கும்போது சந்தேகப்பட்ட சொல்லை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். முழு வாக்கியமும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியமும், நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று தமிழில் ஒரு வரியும் வேண்டும். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தமிழ் வரியைத்தான்.